சைவக் கிட்னி

பிரிக்பீல்ட்ஸ்
11.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

லோகன் எழுதுவது. இங்கிருந்து கிள்ளானுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். இந்தக் கடிதம் வந்து சேர நான்கு நாள் ஆகலாம். ஆனாலும் எழுதுகிறேன். போனில் பேசினால் அத்தான் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். போன வாரம் என் வயிற்றுப்போக்கைப் பற்றி உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "தண்ணியாவா போகுது, கொழகொழன்னா?" என்று ஒரு குரல் கேட்டது. அது அத்தான் குரல் இல்லை. பிறகு விசாரித்தால், கோயில் கமிட்டித் தலைவர் பக்கிரிசாமி அண்ணன் தேநீர் குடிக்க வந்திருந்தாராம். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. நீயும் தயவுசெய்து எழுதியே பதில் போடு.

செவ்வாய்க்கிழமை ஸ்கோப் செய்தார்கள். குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்த்து, ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை, புற்றுநோய் இல்லை. டாக்டர் நோராய்னி மலாயில் சொன்னதை உனக்குத் தமிழில் தருகிறேன், அதுதானே என் தொழில். நீ கொடுத்த கிட்னியை என் உடம்பு யாரோ வேற்றாள் என்று நினைத்துத் தாக்கிவிடக் கூடாது. அதற்காக என் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்க ஒரு மருந்து கொடுக்கிறார்கள். அந்த மருந்துக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியவில்லை. கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ், ஓரமாகக் கச்சாங் கடலை விற்கும் வண்டிக்காரனையும் சேர்த்து அடிப்பதுபோல, குடலின் உள்தோலையும் அடித்திருக்கிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வேளை மருந்து வந்துவிடுகிறது.

"அப்படியென்றால் அந்த மருந்தை நிறுத்திவிடலாமே, டாக்டர்?" என்று கேட்டேன்.

"நிறுத்தலாம். கிட்னி போய்விடும்" என்றார். சிரிக்கவில்லை.

நேற்று கோர்ட்டில் ஒரு திருட்டு வழக்கு. சாட்சி தமிழில் சொல்ல, நான் மலாயில் சொல்ல வேண்டும். "நான் கதவத் தொறந்தப்ப அவன் கையில..." என்று சாட்சி நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் நீதிபதியைக் கும்பிட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வருவதற்குள், அவன் கையில் என்ன இருந்தது என்பதில் சாட்சிக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோர்ட் கிளார்க் ஜெயராஜ் வெளியே பிடித்துக்கொண்டார். "ஏன்லா லோகன், உன் வயித்தால ஒருத்தன் விடுதலையாயிருவான் போலிருக்கே!"

பொங்கலுக்கு வர முடியாது, அக்கா. ரயில் சில சமயம் நடுவழியில் காரணம் சொல்லாமல் நிற்கிறது. அப்போது நான் என்ன செய்வேன் என்பதை எழுத விரும்பவில்லை.

உன் தம்பி
லோகன்


கிள்ளான்
17.1.2024

அன்புத் தம்பி லோகனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. அத்தான் சத்தமாகப் படிக்கச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவரிடம் நான் முடியாது என்று சொன்னது இதுவே முதல் தடவை. உனக்குத் திருப்திதானே?

அந்தக் கிட்னி என்னிடம் ஐம்பத்திரண்டு வருஷம் இருந்தது. ஒரு நாள்கூட என் வயிற்றுக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. உன்னிடம் வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் இப்படி என்றால் குறை எங்கே இருக்கிறது என்று நீயே யோசித்துப் பார்.

அத்தானுக்கு உடனே புரிந்துவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சைவம். ஒரு முட்டைகூட உள்ளே போனதில்லை. அப்படி வளர்ந்த கிட்னி அது. நீயோ ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதமே நீ வழக்கமாகப் போகும் கடையில் ஆட்டுக்கறி வறுவல் சாப்பிட்டதாக என்னிடமே பெருமையாகச் சொன்னாய். "டீசல் லோரியில பெட்ரோல் ஊத்துனா ஓடுமா? ஒன் தம்பி ஊத்துறான்லா" என்றார் அத்தான். அவர் லோரிக் கம்பெனியிலேயே காலம் தள்ளியவர். எஞ்சின் விஷயத்தில் தவறமாட்டார். இன்றோடு கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிடு.

இன்னொன்று. ஆபரேஷன் அன்றைக்குத் தள்ளுகட்டிலில் என்னைக் கொண்டுபோகும்போது நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். என் கிட்னி ஒழுங்காக வேலை செய்தால் அதைச் சுமக்கிறவன் பால்குடமும் சுமப்பான் என்று சொல்லிவிட்டேன். பங்குனி உத்திரத்துக்கு நீ எடுக்க வேண்டும். நேர்ந்துகொண்டது நான், எடுப்பது நீ. உனக்கென்று பெண்டாட்டி பிள்ளை இருந்தால் அவர்களைக் கேட்பேன். இல்லை, அதனால் உன்னையே கேட்கிறேன்.

அன்புடன்
அக்கா தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
9.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகச் சைவம். பருப்பு அதிகமானதைத் தவிர வயிற்றில் மாற்றம் எதுவும் இல்லை. பருப்பின் பங்களிப்பைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

கிட்னி சைவமா என்று டாக்டர் நோராய்னியிடம் கேட்டேன். அவர், கேள்வியை நான் சரியாக மொழிபெயர்த்தேனா என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டேன் என்றேன். "கிட்னிக்கு நாக்கு இல்லை" என்றார். அத்தானிடம் சொல்லிவிடு.

இதே மருந்து வேறொரு மாத்திரையாகவும் வருகிறதாம். வயிற்றைத் தாண்டிக் குடலில் போய்த்தான் கரையுமாம். சிலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. அதற்கு டாக்டர் எழுதிப் போட்டிருக்கிறார், அனுமதி வரச் சில வாரம் ஆகும். அதுவரை அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்து, அளவை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். குறைத்தார். வயிறு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கோர்ட்டில் என்னை ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்த அறை கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நாள் முழுக்கப் பழைய வழக்குகளுக்கு எண் ஒட்டுகிறேன். எனக்கு இப்போது பிரிக்பீல்ட்ஸ் வேறொரு ஊராகத் தெரிகிறது. எந்தக் கடையில் கழிவறை உண்டு, எதில் சாவி முதலாளியிடம் இருக்கும், எந்த முதலாளி முதலில் தேநீர் வாங்கச் சொல்வார் என்பதெல்லாம் மனப்பாடம். நான்கு தெரு, அதுதான் என் எல்லை. ஆறு கிலோ குறைந்துவிட்டேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் நான் வீட்டில் இல்லை, வீட்டின் ஓர் அறையில் இருக்கிறேன். அந்த அறையில் ஒரு நாற்காலிகூடப் போட முடியாது.

ஆகவே ஒரு கெஞ்சல். பால்குடம் வேண்டாம், அக்கா. ஊர்வலம் இரண்டு மணி நேரம் நடக்கும். தலையில் குடம், முன்னால் நாதஸ்வரம், பின்னால் நம் சொந்தக்காரர்கள். அந்த வரிசையை விட்டு நான் எங்கே ஓடுவது? முருகனிடம் சொல்லி வேறு எதற்காவது மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்.

உன் தம்பி
லோகன்


கிள்ளான்
21.2.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆறு கிலோ என்று சாதாரணமாக எழுதியிருக்கிறாய். அக்கா உயிரோடுதான் இருக்கிறேன்.

ஆனால் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. பக்கிரிசாமி அண்ணன் மகள் கார்த்திகா பார்மசியில் வேலை செய்கிறாள் அல்லவா, அவளிடம் உன் மருந்துப் பேரைக் காட்டினோம். நீ விழுங்குகிற அந்தக் கேப்ஸ்யூலின் தோல் எதில் செய்தது தெரியுமா? மாட்டின் தோலும் எலும்பும். முஸ்லிம்களுக்காகப் பன்றி இல்லை என்று பார்த்து உறுதி செய்கிறார்களாம், எல்லாரும் நிம்மதியாக விழுங்குகிறார்களாம். மாடு பரவாயில்லையா என்று நம்மை யாராவது கேட்டார்களா? சைவக் கிட்னிக்கு வேளாவேளைக்கு மாட்டுத்தோலைக் கொடுத்தால் அது எப்படிப் பொறுக்கும்? வயிறு வழியாகச் சொல்லிப் பார்க்கிறது, நாம்தான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையிலிருந்து உனக்கு விரதம். பால்குடம் எடுக்கும் நாள்வரை கேப்ஸ்யூல் வேண்டாம். மற்ற மாத்திரைகளைச் சாப்பிடு. "நிறுத்தச் சொல்லாதீங்க ஆன்டி, ரொம்ப ஆபத்து" என்று கார்த்திகா சொன்னாள்தான். சின்னப் பெண், புத்தகத்தில் உள்ளதைச் சொல்கிறாள். டாக்டரிடமும் கேட்காதே. அந்த அம்மா நல்லவர். ஆனால் நம் விரதம் அவருக்கு எப்படிப் புரியும்?

அது என் கிட்னி, லோகா. அதற்குக் கெடுதல் வரும்படி நான் சொல்வேனா? நீ பிழைக்க வேண்டும் என்றுதானே கத்திக்குக் கீழே படுத்தேன். அதற்காக உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன். கோயில் நோட்டீஸில் உன் பெயரும் அச்சாகிவிட்டது.

அன்புடன்
அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
14.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நிறுத்திவிட்டேன்.

முதல் சில நாள் வித்தியாசம் இல்லை. பிறகு ஒரு காலையில் எழுந்து, பல் துலக்கி, தேநீர் குடித்து, சட்டை போட்டுக்கொண்டு, வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். ஏதோ மறந்துவிட்டேனே என்று நின்று யோசித்தேன். ஒன்றையும் மறக்கவில்லை. வயிறு கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மொனோரெயில் ஏறிக் கடைசி நிலையம் வரை போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதே வண்டியில் திரும்பி வந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "எங்க போறீங்க?" என்று கேட்டார். "சும்மா" என்றேன். அந்தச் சொல்லை எத்தனை மாதம் கழித்துச் சொல்கிறேன் தெரியுமா? நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் இரண்டாவது தேநீருக்கும் உட்கார்ந்தேன். என்னை மறுபடி கோர்ட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். ஒரு குறுக்கு விசாரணை முழுவதையும் நின்றபடியே முடித்தேன். "என்னலா, அடைப்புப் போட்டுட்டு வந்தியா?" என்று ஜெயராஜ் கேட்டார்.

பால்குடம் எடுக்கிறேன்.

டாக்டர் நோராய்னியைப் பார்க்க வேண்டிய தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டேன். போனால் இரத்தம் எடுப்பார், மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்பார். இருபது வருஷமாக நான் பிறர் சொன்ன பொய்களைத்தான் சொல்லியிருக்கிறேன். சொந்தமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

உன் தம்பி
லோகன்


கிள்ளான்
28.3.2024

அன்புத் தம்பி லோகனுக்கு,

மனசு நிறைந்து எழுதுகிறேன். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நீ வளைவில் திரும்பி வந்தபோது கண்ணீரில் எனக்குப் பாதை தெரியவில்லை. ஒரு சொட்டுப் பாலும் சிந்தவில்லை என்று பக்கிரிசாமி அண்ணனே மைக்கில் சொன்னார். நான்தான் கிட்னி கொடுத்தவள் என்றும் சொன்னார். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

உன் முகம் எவ்வளவு பூரிப்பாக இருந்தது! போட்டோவில் பார்த்தால் புது மாப்பிள்ளை மாதிரி கன்னமெல்லாம் உப்பி இருக்கிறாய். காலிலும் நன்றாகச் சதை பிடித்துவிட்டது. காப்புக் கட்டிய மஞ்சள் கயிறு மணிக்கட்டில் பதிந்து அவிழ்க்கவே முடியவில்லையே. குறைந்த ஆறு கிலோவும் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. சைவத்தின் மகிமை. இலையில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்தாய், வாந்தி வருகிறது என்றாய். பக்தி நிறைந்தால் பசி இருக்காது என்றார் அத்தான். வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்கியது வெயிலில் நடந்ததால்தான். ஒரு நாள் ஓய்வெடு, சரியாகிவிடும்.

சுங்கை பூலோவிலிருந்து இராஜம்மா என்று ஓர் அம்மா வந்திருந்தார். மகனுக்குத் தன் கிட்னியைக் கொடுத்தவராம். அவனுக்கும் உன்னைப் போலவே வயிற்றுப்போக்கு நிற்கவில்லையாம். உன்னைத் தூரத்திலிருந்து காட்டினேன். என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கேப்ஸ்யூல் விஷயத்தை அவரிடம் விளக்கமாகச் சொல்லப்போகிறேன். நம்மால் ஒரு பிள்ளை பிழைத்தால் புண்ணியம்தானே.

அன்புடன்
அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
9.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைச் செய். இராஜம்மாவுக்குப் போன் போட்டு, மகன் ஒரு வேளைகூட மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொல். அவர் கேட்காவிட்டால் என் நிலைமையைச் சொல். பெயரோடு சொல், வெட்கமில்லை. பிறகு வந்து மீதியைப் படி.

போன மாதம் நான் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தபோது நீ தினமும் வந்தாய். கஞ்சி கொண்டுவந்தாய், போர்வையைச் சரிசெய்தாய். நாம் இருவரும் பேசவில்லை. பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் டாக்டரிடம். "யார் நிறுத்தச் சொன்னது?" என்று அவர் கேட்டார். நானாகத்தான் நிறுத்தினேன் என்றேன். நீ எழுந்து நின்று, "சாயா, டாக்டர். சாயா யாங் சுரு" என்றாய். நான்தான் சொன்னேன் என்று, உனக்குத் தெரிந்த மலாயில், வார்டு முழுக்கக் கேட்கும்படி. பக்கத்துக் கட்டில் சீனர்கூடத் திரும்பிப் பார்த்தார். "பழியை நீங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கிட்னியைப் பார்க்க வேண்டும்" என்றார் டாக்டர்.

அந்தப் பங்கை நான் சரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். எனக்குக் கேப்ஸ்யூலாக வருவது ஒரு மருந்து இல்லை, இரண்டு. இரண்டின் தோலும் ஒன்றுதான். விரதத்துக்காக நிறுத்தியிருந்தால் இரண்டையும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் வயிற்றைக் கெடுத்த ஒன்றை மட்டும் நிறுத்தினேன். மற்றதை வேளை தவறாமல் விழுங்கினேன். உத்திரம் முடிந்த பிறகும் அந்த ஒன்றைத் திரும்பத் தொடவில்லை. கிட்னி போகும் என்று டாக்டர் சொன்னது முழுக்க ஞாபகம் இருந்தது. இரண்டாவது தேநீரை விட மனமில்லை. நீ சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

என் உடம்பு உன் கிட்னியைத் தாக்கிவிட்டது. ஊசி வழியாக மருந்தைக் கொட்டி நிறுத்தினார்கள். முன்பு செய்த வேலையில் பாதியைத்தான் இனி அது செய்யும். போன பாதி திரும்பாது. அந்தப் புது மாத்திரை வந்துவிட்டது, சாப்பிடுகிறேன். வயிறு முன்பு போல மோசமில்லை, நன்றாகவும் இல்லை. மறுபடி ஃபைல் அறைக்கே போய்விட்டேன், இந்தத் தடவை நானே கேட்டு வாங்கினேன். அந்தக் கிட்னி இருக்கும்வரை இந்த மருந்து உண்டு. இந்த மருந்து இருக்கும்வரை நான்கு தெரு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல ஒத்துக்கொண்டுவிட்டேன்.

ஒரு வேண்டுகோள், அக்கா. இனி நம் கடிதங்களில் வயிறும் வேண்டாம், கிட்னியும் வேண்டாம். நீ இன்று எப்படி என்று கேட்டால், உன் பொருளை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்பதாகவே எனக்குப் படுகிறது. நீ அப்படி நினைத்துக் கேட்பதில்லை என்று தெரியும். ஆனாலும் மூச்சு முட்டுகிறது. நீ செய்ததற்கு நன்றி சொல்லி முடிக்க முடியாது. முடிக்க முடியாததால் உன்னிடம் எதையும் மறுக்கவும் முடியவில்லை. அதில்தான் இவ்வளவும் வந்தது. வேறு எதைப் பற்றியாவது எழுது. எழுத ஒன்றும் இல்லையென்றால் எழுத வேண்டாம். கோபித்துக்கொள்ளமாட்டேன்.

உன் தம்பி
லோகன்


கிள்ளான்
23.6.2024

அன்புத் தம்பி லோகனுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். மூன்றாவது வரிக்குள் நீ வேண்டாம் என்று சொன்ன இரண்டில் ஒன்று வந்து நின்றுவிடுகிறது. நாம் முன்பெல்லாம் எதைப் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். சரியாக ஞாபகம் வரவில்லை.

இராஜம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவர் ஏற்கெனவே என் பேச்சை நம்பவில்லையாம், மகன் மருந்தை விடவில்லை. "நீங்க தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, எனக்கு அப்பவே பயமாத்தான் இருந்துச்சு" என்றார். தப்பாக நினைக்கவில்லை, உட்கார்ந்து அழுதேன். இது நீ சொன்ன விதிக்குள் வருமா தெரியவில்லை. வந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடு.

வேறு செய்தி எழுதுகிறேன். வீட்டுக்கு முன்னால் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் ஒரே சேறு. அத்தான் கூடத்துக்குப் புதுக் காற்றாடி வாங்கிவந்தார், அது மிகவும் பெரிது. சுற்றும்போது காலண்டர் கழன்று விழுகிறது. திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறார், காலண்டரைத்தான் மாற்றி மாட்டியிருக்கிறார். இப்போது அவர் யார் போனுக்கும் ஸ்பீக்கர் போடுவதில்லை. பக்கிரிசாமி அண்ணன் வந்தால் ரோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். நான் கோயில் கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். காரணம் கேட்டார்கள், முட்டி வலி என்றேன். முட்டியில் ஒன்றும் இல்லை.

இதற்கு மேல் செய்தி கிடைக்கவில்லை. ஒன்று இருக்கிறது, எழுதலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன்.

எனக்கு இடது பக்கம் படுக்க முடிவதில்லை. தையல் போட்ட இடத்துக்கு உள்ளே, ஏதோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. வீடு கூட்டும்போது குனிந்தால் சில சமயம் அப்படியே நின்றுவிடுகிறேன். வலது பக்கம் படுத்தால் அத்தான் குறட்டை நேராகக் காதில் விழுகிறது, அதனால் பாதி ராத்திரி உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே இப்படித்தான். எல்லாரும் உன்னைக் கேட்டார்கள், நானும் உன்னைத்தான் கேட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை. நான் டாக்டரையும் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் இப்போது கிட்னி இல்லை. அதனால் இதை உனக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்
அக்கா தனலெட்சுமி